சாவியக்காவின் கறுப்புக் கால்மிதி

பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வு நிறுவனம் இயக்குநர் இல்லாமல் ஒரு மாதம்கூட ஓடிவிடும். சாவியக்கா இல்லாமல் ஒரு முற்பகல் ஓடாது. இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, இயக்குநரேதான், அதுவும் வெளியூர் விருந்தாளிகள் நிறைந்த கூட்டத்தில். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்டோர் ரூமில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போய், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்துவிட்டு வந்தாள்.

பதவியின் பெயர் நிர்வாக அலுவலர். அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்துதான் அவளுக்குப் பெயர் வைத்தது. கதவுகள் எல்லாம் அட்டையைக் காட்டினால் திறக்கிற காலம் இது. ஆனால் மின்சாரம் போனால் அட்டை கைவிரித்துவிடும், சாவி கைவிரிக்காது என்பது அக்காவின் கட்சி. கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டாலே, மேஜைமேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் மளமளவென்று காலை இறக்கிவிடுவார்கள்.

மூளையின் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப்போகிற வியாதிகளை ஆராய்வதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. மறதி நோய், நடுக்குவாதம், தசைகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற நோய் என்று அந்தக் குடும்பம் பெரிது. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது நிறுவனம் என்று ஒன்று இருந்தது, கட்டடம்தான் இல்லை. பெயர்ப்பலகை தயாராக இருந்தது, மாட்டுவதற்குச் சுவர் இல்லை. அது அவள் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்துகிடந்து, அடிக்கடி அவள் முதுகில் இடித்தது.

நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர்கள் ஆஸ்பத்திரியின் ஒரு தாழ்வாரத்தில் இருந்தார்கள். ஸ்கேன்காரர்கள் ஊரின் மறுகோடியில். தோலிலிருந்து எடுத்த செல்லை வைத்து நரம்பு வளர்க்கிறவர்கள் வேதியியல் துறையில் ஒண்டுக்குடித்தனம். நடுக்குவாதம் வந்த குட்டி மீன்களில் மருந்தைச் சோதிக்கிறவர்கள் விலங்கியல் துறையின் பின்கட்டில், எப்போதும் ஈரக்காலோடு. கணக்குப் போடுகிறவர்கள் நூலகத்தின் மேல்மாடியில், மனிதவாடையே படாமல். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன மூளைகளைப் பாதுகாக்கிற மூளை வங்கி மட்டும் உடற்கூறியல் துறைக்கு அடியில். ஒரே குடும்பம், ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு அடுப்பு. ஸ்கேன்காரர்களும் செல்காரர்களும் ஒரே கேள்வியோடு தனித்தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, வெளிநாட்டு மாநாடு ஒன்றில் ஒருவர் பேச்சை மற்றவர் உட்கார்ந்து கேட்டபோதுதான் இருவருக்கும் தெரியவந்தது. இங்கே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான்.

இயக்குநர் நரம்பியல் டாக்டர். உயரம் கம்மி, பேச்சு வேகம். மாநாட்டுக் கூத்தைக் கேள்விப்பட்ட அன்று அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கட்டடம் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறாங்க. சுவர் எழும்பினா சண்டையும் கூடவே குடிவரும். முதல்ல சட்டத்தைப் போட்டுடுவோம். நீங்க எழுதுங்க, நான் சொல்றேன்."

"எனக்குத் தோணுறதையும் எழுதலாமா மேடம்?"

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

இரண்டு பேருமாகப் போட்ட சட்டங்கள் வினோதமானவை. விலை உயர்ந்த நுண்ணோக்கி, ஸ்கேன் கருவி எதையும் எந்தப் பேராசிரியரும் தன்னுடையது என்று சொல்லக் கூடாது. எல்லாம் பொது, முறை போட்டுத்தான் தொட வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் வாரத்துக்கு ஒரு பிரிவிலிருந்து மாறிக்கொண்டே இருப்பார். கை தூக்கி ஓட்டுப் போடும்போது இயக்குநருக்கும் எல்லோரையும் போல ஒரே ஒரு கைதான். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வழிகாட்டிகள், அதுவும் வேறு வேறு பிரிவிலிருந்து. அக்கா அதற்கு இரண்டு மாமியார் திட்டம் என்று பெயர் வைத்தாள். ஒரு மாமியார் நோயாளியைப் பார் என்பார், இன்னொரு மாமியார் மீனைப் பார் என்பார். மருமகப்பிள்ளை இரண்டையும் பார்த்தே தீர வேண்டும், வேறு வழியில்லை. அப்புறம் வெளியிலிருந்து ஆலோசனைக் குழு வந்தபோது இயக்குநர் வாய்தவறி அந்தப் பெயரையே சொல்லி வைத்தார். குழுத் தலைவர் அதைப் பவ்யமாகக் குறித்துக்கொண்டார்.

கட்டடம் முழுவதற்கும் ஒரே ஒரு டீ அறை என்பதுதான் கடைசிச் சட்டம். எந்த மாடியிலும் கெட்டில் வைக்கக் கூடாது. டீ வேண்டும் என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துத்தான் ஆக வேண்டும். இந்தச் சட்டத்துக்கு வந்த எதிர்ப்பு வேறு எதற்கும் வரவில்லை. பின்னாளில் மீன்காரர்கள் மீன்தீவன டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கெட்டிலை அக்கா கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தது தனிக் கதை.

சட்டம் முடிந்தது, கட்டடமும் எழும்பியது. யாருக்கு எந்த மாடி என்ற கேள்வி வந்தபோது, எவ்வளவோ படித்த பெரிய மனிதர்கள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகளாகிவிட்டார்கள். நுண்ணோக்கிக்கு அதிர்வு ஆகாது என்பதால் அது மூளை வங்கியோடு கீழ்த்தளத்துக்குப் போயிற்று. கணக்குக்காரர்கள் எங்கே போட்டாலும் சரி என்றார்கள்; அவர்களை உச்சிக்கு ஏற்றினார்கள். தரைத்தளத்தின் முன்வாசல் பக்கம்தான் பெரிய போர் மூண்டது. நோயாளிகளைப் பார்க்கும் பிரிவும் கேட்டது, மீன் பேராசிரியரும் கேட்டார். மீன் பேராசிரியர் ஆள் ஆறடிக்கு மேல், குரல் அதற்கும் மேல்.

"தண்ணி எவ்வளவு கனம்னு யாருக்காவது தெரியுமா? தொட்டியை எல்லாம் மாடிக்கு ஏத்தினீங்க, ஒரு நாள் உங்க தலையிலதான் வந்து எறங்கும். நோயாளிங்களுக்குப் பின்பக்கம் நல்ல வாசல் இருக்கே, லிஃப்ட்டும் இருக்கு!"

கூட்டத்தில் அக்காவின் வேலை குறிப்பு எடுப்பது. அன்றைக்குப் பேனாவை மூடிவைத்துவிட்டாள்.

"நடக்க முடியாதவங்க கட்டடத்தைச் சுத்திக்கிட்டுப் பின்வாசல் வழியா வரணும், மீனு மட்டும் முன்வாசல்ல ராஜா மாதிரி உக்காந்திருக்கணுமா சார்?"

மீன் பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டதில், தொட்டிகளைச் சுவரோரமாக வைத்தால் முதல் மாடி தாங்கும் என்றார். முன்வாசல் நோயாளிகளுக்கு என்று முடிவானது. அன்று மாலை அக்கா பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். உட்கார முடியாத சந்தோஷம் அது.

அவ்வளவு சந்தோஷத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. அக்காவின் அண்ணனுக்கு நடுக்குவாதம்.

அண்ணன் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். ஊரில் அவர் நுழையாத வீடு இல்லை, அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. கை நடுங்க ஆரம்பித்தபோது அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விட்டார். அப்புறம் கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாக நடந்துகொண்டே போவார். வாசற்படி, கதவு, குறுகலான இடம் என்று வந்தால் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு முன்னால் போகும், கால் போகாது. ஒரு நாள் வங்கி வாசலில் அப்படி நின்றுவிட்டார். பின்னால் வரிசை சேர்ந்தது. யாரோ ஒருவன் "பெருசு, வழிய விடு" என்று தோளைத் தள்ள, குப்புற விழுந்தார். அடி பெரிதாக இல்லை, கண்ணாடி உடைந்ததோடு சரி. ஆனால் அன்றோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். டாக்டரிடம்கூட அண்ணிதான் போய், அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லி மாத்திரை வாங்கிவந்தாள்.

நிறுவனத்தில் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கப் போகிறது என்று தெரிந்ததும் அக்கா அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். தாங்களாக முன்வருகிற நோயாளிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு அது. ஒரே ஆளை டாக்டர்கள் பரிசோதிப்பார்கள், ஸ்கேன்காரர்கள் படம் எடுப்பார்கள், அவர் கொடுக்கிற தோலிலிருந்து செல்காரர்கள் நரம்பு வளர்ப்பார்கள், அதில் கண்டதை மீன்காரர்கள் மீனில் சோதிப்பார்கள், எல்லாக் கணக்கும் உச்சி மாடிக்குப் போகும். முன்வாசல் வழியாக மனிதர்கள் வராவிட்டால் இத்தனை மாடியும் வெறும் மீன்கடைதான்.

"முதல் ஆளா நீ வரணும்ணே."

"எதுக்கு? அங்கயும் ஒரு வாசல் இருக்கும்ல."

"அந்த வாசலை நான் பாத்துக்கிறேன்."

அண்ணன் நாலு வாரம் பிடிகொடுக்கவில்லை. ஐந்தாம் வாரம் தானே ஃபோன் செய்தார்.

"வரேன். ஆனா என் கால்ல நடந்துதான் வருவேன். எவனாவது நாற்காலிய உருட்டிக்கிட்டு வந்தான்னா அப்படியே திரும்பி வண்டியில ஏறிடுவேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது. நீயும் கூப்பிடக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். இந்த ஒரு தடவை கோணலாகிவிட்டால் அண்ணன் இனி அந்த வீட்டு ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்ப்பார். அதனால் முன்வாசலை அவள் தன் கல்யாணத்துக்குப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். படி இல்லாமல் சாய்தளம், பிடித்துக்கொள்ளக் கம்பி, ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. கால்மிதியை மட்டும் கடைசியாக, தானே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தாள். வாசலை அடைத்துக்கொண்டு அகலமாக, கறுப்பாக, பளபளவென்று. கறுப்பு என்றால் அழுக்கு தெரியாது பாருங்கள். ஒரு மாதமாக அத்தனை பேராசிரியர்களும் அதில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீ அறைக்கும் வரவேற்பு மேஜைக்கும் நடுவில் பறந்துகொண்டிருந்தாள். கால்மிதியை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தாள், மனசு கேட்காமல் இன்னொரு முறை துடைத்தாள். முதல் நோயாளி வருகிறார் என்று எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து, வேலை இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கூடத்தில் நின்றார்கள். மீன் பேராசிரியர் முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டார்.

வண்டி வந்து நின்றது. மாத்திரையை நேரம் பார்த்துப் போட்டுவிட்டு வந்திருந்ததால் அண்ணன் தெம்பாக இறங்கினார். புதுச் சட்டை, படிய வாரிய தலை. அண்ணி பையோடு பின்னால் வந்தாள். சாய்தளத்தில் அவர் கம்பியைக்கூடப் பிடிக்காமல் விறுவிறுவென்று ஏறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவருக்குப் பின்னால் இன்னொரு வண்டியிலிருந்து, தள்ளுநாற்காலியில் ஓர் அம்மாளை அவர் மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். அன்றைய இரண்டாவது நோயாளி, அவருக்கும் நடுக்குவாதம்தான்.

கதவு தானாகத் திறந்தது. அண்ணன் கால்மிதியின் விளிம்புவரை வந்தார். கீழே பார்த்தார். நின்றுவிட்டார்.

"வாண்ணே! வா!"

அண்ணன் வரவில்லை. இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டு, முட்டி மட்டும் வெடவெடவென்று ஆடியது. கதவுதான் அவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூடப் போவதும் திறப்பதுமாக இருந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"குழி மாதிரி இருக்கு."

"குழியா? எங்க? அது கால்மிதிண்ணே!"

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

அக்கா அப்போதுதான் தான் வாங்கிப்போட்ட பொருளை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். வெளிர் நிறத் தரைக்கு நடுவில், நீளமாக, அடியில்லாத கறுப்பு. நோயாளிகளுக்கு நடை பழக்குகிற பயிற்சியாளர், துறுதுறுப்பான பெண், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ! வாசல்ல போய்க் கறுப்பு மேட்டா! யாருங்க போட்டது?"

"நான்தாம்மா," என்றாள் அக்கா.

"நானும் தினம் மிதிச்சிக்கிட்டுத்தான வரேன்," என்று அந்தப் பெண் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். வாசலில் கால் ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கட்டுரை எழுதிய டாக்டர் பக்கத்திலேயே நின்றார். அவர் தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். உலகத்தில் வேறு எந்த அலுவலகம் இந்தத் தப்பைச் செய்தாலும் அது வெறும் கால்மிதி. இவர்கள் செய்தால்தான் இது தப்பு.

"எடுத்துடுங்க, எடுத்துடுங்க!" என்று குரல்கள் எழுந்தன. நாலு பேர் சேர்ந்து கால்மிதியை இழுத்தார்கள். அது தரைமட்டத்துக்கு இருக்க வேண்டும் என்பதற்காகவே கட்டடக்காரர்கள் அங்கே பள்ளம் எடுத்திருந்தார்கள்.

அண்ணன் எட்டிப்பார்த்தார். "இப்ப நிஜமாவே குழி," என்றார்.

திரும்பவும் போட்டார்கள். குறுக்கே வண்ண வண்ணக் கோடு போட்டால் அதைத் தாண்டித் தாண்டி வந்துவிடுவார் என்றாள் பயிற்சியாளர். மாதிரிக் குப்பிகளில் ஒட்ட மாடிக்கு ஒரு நிறத்தில் டேப் வைத்திருந்தார்கள். மாணவர்கள் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் மாடி ஏறி ஓடினார்கள். மஞ்சளும் பச்சையும் நீலமுமாக டேப்புகள் வந்து இறங்கின. ஒன்றுகூட ஒட்டவில்லை. அக்கா இரண்டு தடவை துடைத்த ஈரம். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல் இருந்தது.

அதற்குள் ஆளுக்கொரு யோசனை. தாளம் தட்டினால் கால் கிளம்பும் என்றார் ஒருவர். முதலில் விளக்கை மாற்றிப்போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் ஸ்கேன் பேராசிரியர். கொஞ்ச நேரம் பேசாமல் விட்டால் தானாக நடப்பார் என்றார் இன்னொருவர். எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் பேசியது, திங்கட்கிழமைக் கூட்டம் தோற்றது. இந்த இரைச்சலில் யாரோ ஒரு புண்ணியவான், நல்ல மனசோடுதான், உள்ளே போய் ஒரு தள்ளுநாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அண்ணன் அதைப் பார்த்தார். முகம் சட்டென்று சாத்திக்கொண்டது.

"வண்டியக் கூப்பிடு," என்றார் அண்ணியிடம். திரும்ப முயன்றார். ஒட்டிக்கொண்ட காலோடு திரும்புவது நடப்பதைவிட ஆபத்து. உடம்பு சாய்ந்தது. அண்ணி பையைக் கீழே போட்டுவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்காலிய உள்ள கொண்டு போடா!" அக்காவின் குரலில் கண்ணாடிக் கதவே அதிர்ந்திருக்கும். நாற்காலி பறந்தது. "என்னம்மா செய்யணும்? ஏதாவது சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

"காலைக் குறுக்கே நீட்டுங்கக்கா," என்றாள் பயிற்சியாளர். "அவர் பாதத்துக்கு முன்னாடி, சும்மா குறுக்கால. தாண்டுறதுக்குன்னு எதிர்ல ஒண்ணு இருந்தா போதும், கால் கிளம்பிடும்."

வயதில் மூத்தவர். அவர் நடக்கிற வழியில் காலை நீட்டுவதா என்று ஒரு கணம் கூசியது. அப்புறம் அக்கா சாவிக்கொத்து குலுங்க அந்தக் கறுப்பின் நடுவில் போய் நின்றாள். அவள் விழவில்லை. குழி அவளை விழுங்கவில்லை. செருப்புப் போட்ட வலது காலை அண்ணனின் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தாள்.

அண்ணன் அந்தக் காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சின்ன வயசுலேருந்தே என் காலை வாரி விடுறதுதான் உனக்கு வேலை."

"இன்னைக்கு வாரலண்ணே. தாண்டு. எனக்காகத் தாண்டு."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். முட்டியின் ஆட்டம் நின்றது. வலது கால் உயர்ந்தது. நிஜமாகவே உயர்ந்தது! நன்றாக, அழகாக உயர்ந்து, அவள் செருப்பைத் தாண்டி அந்தப் பக்கம் கறுப்பில் ஊன்றியது. பின்னாலேயே இடது காலும் வந்து சேர்ந்தது.

கூடத்தில் எழுந்த கூச்சலை மேல்மாடியில் மீன்கள்கூடக் கேட்டிருக்கும். ஆனால் அடுத்த அடிக்கு அடுத்த கால் வேண்டுமே! அக்கா சுற்றிக்கொண்டு முன்னால் ஓடுவதற்குள் பயிற்சியாளர் தன் காலை நீட்டிவிட்டாள். அதையும் தாண்டினார். அதற்கப்பால் இயக்குநரின் சின்னக் கால். அதையும் தாண்டினார். கால்மிதி பின்னால் போய்விட்டது, கூடம் முன்னால் கிடந்தது, யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஸ்கேன் பேராசிரியர் குதிகால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து நின்றார். செல்காரர் ஒருவர், கணக்குக்காரர் ஒருவர், மூளை வங்கியின் தலைவர் என்று கால்கள் வரவேற்பு மேஜைவரை வரிசையாக நீண்டுகொண்டே போயின. இந்த நிறுவனத்தில் யாருக்கு அடுத்து யார் என்று அக்கா எத்தனையோ தடவை கட்டம் போட்டுப் படம் வரைந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அது இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

மீன் பேராசிரியரின் பூட்ஸ் வந்தபோது அண்ணன் நின்றார். எல்லோருக்கும் பக்கென்றது.

"இவ்வளவு பெரிய காலா? இதுக்கு ஏணி வேணும்."

"எறக்கி வைக்கிறேன் சார், எறக்கி வைக்கிறேன்!" என்று அந்த ஆறடி மனிதர் பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்தே விட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் அந்தப் பூட்ஸையும் தாண்டிவிட்டார். அக்கா பக்கத்திலேயே நடந்தாள். பிடிக்கவில்லை, தொடவில்லை, கையை மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் வைத்திருந்தாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. துடைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் வரவேற்பு மேஜையின் விளிம்பைப் பற்றினார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த செவிலியர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, ஆய்வுல சேர்றீங்களா? எந்தெந்தப் பரிசோதனைக்குச் சம்மதம்னு நீங்களே சொல்லலாம். கட்டாயம் எதுவும் இல்ல."

"எல்லா மாடிக்கும் எழுதிக்கம்மா. வருஷா வருஷம் வரேன்," என்றார் அண்ணன். பிறகு மூளை வங்கித் தலைவர் பக்கம் திரும்பினார். "உங்க கீழ்த்தளத்துக்கும் ஒரு நாள் வரேன். அதுக்கு மட்டும் அவசரம் இல்ல."

"எங்களுக்கும் அவசரமே இல்ல ஐயா," என்றார் அவர்.

அண்ணி வந்து அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு வருஷம் ஆச்சு, இவர் வெளியில ஒரு வாசலைத் தாண்டி," என்று சொல்ல ஆரம்பித்து முடிக்கவில்லை. அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாளைக்கே இந்தக் கால்மிதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரையின் நிறத்திலேயே ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு மூலையில் அவளுக்கு ஓடியது. அவள் அப்படிப்பட்ட ஆள்.

வாசலில் ஒரு சலசலப்பு. தள்ளுநாற்காலி அம்மாளை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். அவர் அத்தனையையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, கறுப்புக் கால்மிதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"என்னை எறக்கி விடு," என்றார் மகளிடம்.

"எதுக்கும்மா? நாற்காலிதான் இருக்கே. உள்ள தள்ளிட்டுப் போயிடுறேன்."

"எறக்கி விடுன்னு சொல்றேன்ல! நானும் நடந்துதான் வருவேன்."

மகள் திகைத்துப்போய் உள்ளே பார்த்தாள். அக்கா அண்ணியை விட்டுவிட்டு ஓடினாள். பயிற்சியாளர் அந்த அம்மாளின் ஒரு கையைப் பிடிக்க, மகள் மறுகையைப் பிடிக்க, மெல்ல அவரை எழுப்பி நிறுத்தினார்கள். கலைந்துபோகவிருந்த பேராசிரியர்களும் மாணவர்களும் மறுபேச்சில்லாமல் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். அக்கா கால்மிதியின் நடுவில் நின்று தன் காலைக் குறுக்கே வைத்தாள். அவளுக்கு அடுத்து இயக்குநர், அடுத்து ஸ்கேன் பேராசிரியர், தரையில் உட்கார்ந்தபடியே மீன் பேராசிரியர், இன்னும் இன்னும் கால்கள். வரிசை சரியாக இருக்கிறதா என்று அக்கா பழக்கதோஷத்தில் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில், ஒரு கையால் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் தன் காலைக் குறுக்கே நீட்டியிருந்தார்.